உறுதி செய்யப்படாத கூட்டம்

செவ்வாயின் வேளாண் உறுதிமொழி அவையில் விரல் எடுப்பது எப்போதும் தேநீருக்குப் பிறகுதான். வெறும் வயிற்றில் வலி தாங்க மாட்டார்கள் என்று யாரோ இரக்கத்தோடு விதி எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு குடியேற்ற நாடுகளின் தூதர்களும் கோப்பையைக் கீழே வைத்ததும், வட்ட மேசையின் நடுவிலிருந்து நெறிக்கரம் எழும். எஃகுக் கை, அதன் முனையில் ஒரு கத்தி. ஒரு நாடு ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் தன் உழவர்களுக்கு மானியம் கொடுத்திருந்தால், அதன் தூதருக்கு இடக்கையில் ஒரு விரல் போகும். கொடுத்ததை மறைத்திருந்தால் வலக்கைப் பெருவிரல். அந்தப் பெருவிரல்தான் நாட்டின் முத்திரை. அது போனால் புதுத் தூதர் வரும்வரை, ஓராண்டுக்கு, அந்த நாடு ஒரு மூட்டை தானியம்கூட விற்கவோ வாங்கவோ முடியாது.

பூமியின் பழைய அவைகளைப் பற்றி இங்கே பள்ளிப் பாடத்தில் உண்டு. அங்கே ஒரு நாடு மானியக் கணக்கைக் கேட்கும். இன்னொரு நாடு, “அடுத்த கூட்டத்தில் எழுத்துமூலம் பதிலளிப்போம்” என்னும். அடுத்த கூட்டத்திலும் அதையே சொல்லும். செவ்வாயில் அந்த வாக்கியத்தைத் தடை செய்துவிட்டுத்தான் கத்தியைப் பொருத்தினார்கள்.

வைகறை நாட்டின் தூதர் மாதங்கிக்கு அன்று தேநீர் இறங்கவில்லை. அவள் நாட்டின் மூன்றாம் கண்ணாடிக் கூடாரத்தில், தண்ணீருக்குக் காசில்லாமல், கோதுமை கருகத் தொடங்கியிருந்தது. அதை நம்பித் தொள்ளாயிரம் குடும்பங்கள். அதனால் நாற்பது நாளாக அங்கே தண்ணீர் இலவசமாக ஓடியது; அதுவும் மானியம்தான். ஓட விட்டவளும் அவள்தான், அவைக்குச் சொல்லாமல் மறைத்தவளும் அவள்தான்.

பக்கத்து இருக்கையில் நெடுங்குன்றம் நாட்டின் தூதர் தொம்மை. இருவரின் முன்னோரும் பூமியில் ஒரே கடற்கரையிலிருந்து புறப்பட்டவர்கள்.

“என்ன தங்கச்சி, மூஞ்சி செத்துக் கிடக்கு?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி.”

“தண்ணிதான? போன வாரம் சாப்பிடும்போது நீயே சொன்னியே. நான் வாயத் தொறக்க மாட்டேன். நீ என் உரத்தப் பத்தித் தொறக்காத. ரெண்டு பேரும் பெருவிரலோட வீட்டுக்குப் போவோம்.”

நெறிக்கரம் எழுந்தது. அதன் குரலில் எப்போதும் ஒரு பணிவு உண்டு.

“வைகறை. மூன்றாம் கூடாரத்தின் நீர்வாய் திறந்திருந்தது. மூடியிருக்கிறேன். விளக்கம் தேவை.”

ஆறு நாள். அதற்குமேல் அந்தக் கோதுமை நிற்காது. மாதங்கி எழுந்தாள். உண்மையைச் சொன்னால் பெருவிரலும் போகும், நாட்டின் வாணிபமும் போகும். தப்ப ஒரே ஒரு விதிதான் இருந்தது: பிறர் மறைத்ததை முதலில் சொல்பவருக்கு மன்னிப்பு.

அவள் தொம்மையைப் பார்க்காமல் சொன்னாள். “நெடுங்குன்றம் ஆறு வருஷமாக உழவர்களுக்கு உரத்தைச் சும்மா கொடுக்கிறது. அவைக்குச் சொல்லவில்லை.”

தொம்மை ஓடவில்லை. கரம் அவர் மணிக்கட்டை மேசையோடு அழுத்தியபோதும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி இறங்கியது. எலும்பில் ஒரு கணம் சிக்கி, பிறகு இறங்கியது. ரத்தம் அவள் கோப்பைக்குள் தெறித்தது.

“வைகறைக்கு மன்னிப்பு. கூட்டக் குறிப்பு உறுதியானதும் நடைமுறைக்கு வரும். அதுவரை நீர்வாய் மூடியிருக்கும்.”

அந்த அவையில் ஆறு ஆண்டுகளாக எல்லோரும் எல்லோரிடமும் சாப்பாட்டு வேளையில் மனம்விட்டுப் பேசியிருந்தார்கள். அதுதான் அவர்கள் செய்த பிழை. இப்போது பத்துப் பேர் ஒரே சமயத்தில் எழுந்தார்கள்.

ஒருவர், பக்கத்திலிருந்தவரின் பேச்சு வெளியே வராமலிருக்க நாற்காலியால் அவர் வாயில் அடித்தார். பற்கள் மேசையில் உருண்டன. வாய் உடைந்தவர் கையை நீட்டி அடித்தவரைக் காட்டினார். கரத்துக்கு அதுவே போதுமாயிருந்தது. ஒரு பெண் இன்னொருத்தியின் கழுத்தை நெரித்துக்கொண்டே அவள் நாட்டின் விதை மானிய ரகசியத்தைக் கத்தினாள். நெரிபட்டவளும் கிடைத்த மூச்சில் நெரித்தவளின் நாடு மறைத்ததைச் சொன்னாள். கத்தி இரண்டு முறை இறங்கியது. மேசைக்கு அடியில் ஒளிந்தவரைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தது கரம். தரை வழுக்கியது.

“அவ தண்ணிய சும்மா விட்டாளே, அத யாரு கேப்பா?” என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

“மன்னிப்பு...” என்றாள் மாதங்கி.

“இன்னும் நடைமுறைக்கு வரவில்லை,” என்றது நெறிக்கரம்.

வலக்கையில் சூடாக ஏதோ ஊற்றியதுபோலத்தான் அவளுக்கு இருந்தது முதலில்.

எல்லாம் ஓய்ந்தபோது வெள்ளித் தட்டில் பன்னிரண்டு பெருவிரல்கள் இருந்தன. முனகல் மட்டும் கேட்டது.

“கூட்டக் குறிப்பை உறுதி செய்ய ஏழு வலக்கைப் பெருவிரல்கள் பதிய வேண்டும்,” என்றது நெறிக்கரம்.

யாரும் அசையவில்லை. கடைசியில் மாதங்கி இடக்கையால் தட்டிலிருந்து ஒரு விரலை எடுத்தாள். யாருடையது என்று பார்க்கவில்லை. பதிவுப் பலகையில் வைத்து அழுத்தினாள்.

“உயிரோட்டம் இல்லை. குறிப்பு உறுதியாகவில்லை. ஆகவே இந்தக் கூட்டம் நடைபெறவில்லை. எல்லாம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது.”

“அது எப்போ?”

“ஓராண்டுக்குப் பிறகு.”

“தண்ணி?”

“மூடிய நீர்வாய்கள் மூடியபடியே இருக்கும்.”

செவ்வாயின் ஓராண்டு அறுநூற்று எண்பத்தேழு பூமி நாள். அவளுடைய கோதுமைக்கு ஆறு.

தொம்மை சுவரில் சாய்ந்து, மேசைத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். மாதங்கி அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். துணி மெல்லச் சிவந்தது.

“அண்ணாச்சி, என்னைய மன்னிப்பீங்களா?”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

“அடுத்த கூட்டத்துல எழுத்துமூலமா பதில் சொல்லுதேன், தங்கச்சி.”

தடை செய்யப்பட்ட அந்த வாக்கியத்தைக் கேட்டும் நெறிக்கரம் அசையவில்லை. கூட்டம்தான் நடக்கவே இல்லையே.