கடைசியாகத் தொட்ட காந்தம்

ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையின் பை மட்டும் மேற்குச் சுவரை நோக்கிச் சாய்ந்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பின் வாசனைகூட நகராமல் அப்படியே நின்ற அந்த அறையில், சட்டையின் கைகளும் விளிம்பும் ஒழுங்காகக் கீழ்நோக்கித் தொங்க, பை மட்டும் யாரோ இரண்டு விரலால் பிடித்து இழுப்பதுபோல விறைத்துக்கொண்டு பக்கத்து வீட்டைக் காட்டியது.

பைக்குள் வீரராகவனின் காந்தம் இருந்தது.

புளியங்கொட்டை அளவுதான். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் உலோகப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆன பிறகும், உலகம் தன் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று நம்பியவர் அவர். காந்தம் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். கல்யாண வீட்டில் சீர்வரிசைக்கு நடுவே குனிந்து, குடத்தில் அதை வைத்துப் பார்த்து, "ஒட்டுது. நல்ல எவர்சில்வர்னா ஒட்டாது" என்று பெண்வீட்டார் காதில் விழும்படி சொல்வார். அதனால் எந்தக் கல்யாணமும் நின்றுபோகவில்லை. அவருக்கு வரும் பத்திரிகைகள்தான் குறைந்தன.

இப்போது கட்டிலில் உட்கார்ந்தபடி மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒன்பது அங்குலச் சுவர். அதற்கு அப்பால் பதினைந்து அடி. தேங்காய் அளவுக் கல் ஒன்று அவ்வளவு தூரத்திலிருந்து குண்டூசியைக்கூட அசைக்காது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. சட்டைதான் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கல் பதினாறு நாளைக்கு முன்னால், காபி குடிக்கும் நேரத்தில், மனோகரன் வீட்டுக் குளியலறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. மனோகரன் அதே தொழிற்சாலையில் ஸ்டோரில் இருந்தவர். இருபத்தெட்டு வருடம் ஒவ்வொரு இரும்புத் துண்டுக்கும் வீரராகவன் மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். இன்றைக்கு சேக்காட்டில் அவர்கள் தெருமுனையில் அவர் படம் போட்ட பத்தடி பேனர்: 'விண்கல் நாயகரே வருக'. சொந்தத் தெருவுக்கு வருகிறவரை எதற்கு வரவேற்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வட்டச் செயலாளர் ஒருவர் பொன்னாடையோடு வந்து, அதை முதலில் கல்லுக்குப் போர்த்தி, போட்டோக்காரர் இருமிய பிறகு எடுத்து மனோகரனுக்குப் போர்த்தினார்.

பதினைந்து அடி. வீரராகவன் மொட்டை மாடியில் காலால் அளந்தே பார்த்துவிட்டார். நானூற்றைம்பது கோடி வருடம் சும்மா சுற்றிவிட்டு வந்த கல்லுக்கு, இன்னும் பதினைந்து அடி தள்ளி விழ முடியவில்லை.

அதைக்கூடத் தாங்கியிருப்பார். தாங்க முடியாதது வெள்ளிக்கிழமை நடந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து கிருஷ்ணப்பிரியா என்று ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்திருந்தாள். மனோகரன் வீட்டுக் கூடத்தில் தெருவே நின்றது. "வீரராகவன் சார் காந்தம் வச்சிப் பாத்தா தெரிஞ்சிடும்" என்று யாரோ சொல்ல, கூட்டம் விலகி வழிவிட்டது. கல் விழுந்த பிறகு முதல் தடவையாக எல்லார் கண்ணும் அவர் மேல். பைக்குள் கையை விட்டார்.

"சார், வேண்டாம். அதை உள்ள வைங்க" என்றாள் அவள், பந்தி முடிவதற்குள் பாயசத்தில் கைவைக்கும் பிள்ளையைத் தடுக்கிற குரலில். "சூரியனே சின்னதா இருந்த காலத்துக் காந்தம் இந்தக் கல்லுக்கு ஞாபகம் இருக்கும். அதை அளக்கத்தான் திங்கட்கிழமை எடுத்துட்டுப் போறேன். நீங்க காந்தத்தால ஒரு தடவ தொட்டா அவ்வளவும் அழிஞ்சிடும். அப்புறம் கடைசியா தொட்ட காந்தம் மட்டும்தான் அதுக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரும் செய்யற தப்பு சார் இது."

எல்லாரும் செய்கிற தப்பு. அவரை எல்லாரோடும் சேர்த்துவிட்டாள். மனோகரன் மனைவி பார்வதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதை அவர் பார்த்தார்.

"கல்லோட ஞாபகம் நல்லா இருந்தா, கட்டுரைல மனோகரன் சார் பேரையும் போடுவோம்" என்று கிருஷ்ணப்பிரியா முடித்தாள்.

இன்று காலை மனோகரன் பட்டு வேட்டியோடு வந்து சாவியை நீட்டினார். "அண்ணாத்தே, பூந்தமல்லில வியாபாரிங்க பாராட்டு விழா வச்சிகிறாங்கோ. ஊட்டோட கெளம்புறோம். நாலு மணிக்கி தண்ணி வரும், மோட்டார மட்டும் போட்டு வுட்ரு."

"கல்லு?"

"அது எங்க போவப்போவுது. வோணும்னா கிட்ட போயி பாத்துக்கோ. காந்தம் கீந்தம் மட்டும் வச்சிராத." சிரித்துக்கொண்டே போனார். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு. அதுதான் எரிந்தது.

மூன்றேமுக்காலுக்கு வீரராகவன் சட்டையை மாட்டிக்கொண்டார். கூடத்தில் அவர் மனைவி ஹேமாவதி பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், முகம் வாசல் பக்கம்.

"மோட்டார் போடவா போறீங்க? அப்டியே அந்தக் கல்லாண்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு வாங்க. மனசே நெறஞ்சிடுது" என்றாள் தூக்கக் குரலில். "அந்த அண்ணன் மூஞ்சில இன்னா களை வந்துகீது பாத்தீங்களா."

முப்பத்தோரு வருடத்தில் அவர் முகத்தைப் பற்றி அவள் அப்படி ஒன்றும் சொன்னதில்லை. செருப்பை மாட்டியபோது பை அவர் நெஞ்சைவிட்டு முன்னால் போய் நின்றது. அவர் அதன் பின்னால் போனார்.

மனோகரன் வீட்டில் வாடிய ரோஜா மாலையின் நெடி. அதற்கு அடியில் வெல்டிங் பட்டறையில் வருகிற காய்ந்த இரும்பு வாசனை. எங்கோ ட்ரான்ஸ்பார்மர் உறுமுவதுபோல ஓர் ஓசை. காதில் கேட்பதாகவும் இருந்தது, பல்லில் கேட்பதாகவும் இருந்தது. முக்காலியின் மேல் சிவப்பு வெல்வெட் துணியில் கல் இருந்தது. அடுப்புக்கரி போலக் கறுத்து, வழவழவென்று. யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு அதன் முன்னால் நின்றார்.

ஒரே தடவை. யாருக்கும் தெரியாது. நாளைக்கு அந்தப் பெண் கருவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். பேனர் வெயிலில் வெளுக்கும்.

காந்தத்தை வைத்தார். குடத்தைப் பாலீஷ் போடுவதுபோல நிதானமாக, சுற்றிச் சுற்றித் தேய்த்தார்.

உறுமல் நின்றது.

கையை எடுத்தபோது காந்தம் ஒட்டவே இல்லை. கூழாங்கல் மாதிரி உள்ளங்கையில் கிடந்தது. முக்காலியின் இரும்புக் காலில் வைத்துப் பார்த்தார், கீழே விழுந்தது. சாவிக்கொத்தில் வைத்தார், விழுந்தது. இருபது வருடக் காந்தம் செத்திருந்தது. கல்லைச் சுற்றிக் கிடந்த மாலையின் இதழ்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி அவர் பக்கம் நுனியை நீட்டின. காற்றுதான் என்று சொல்லிக்கொண்டார். காற்று இல்லை.

வீட்டுக்கு வந்து கிரில் கதவைச் சாத்தினார். ஹேமாவதி அதே இடத்தில் லேசான குறட்டையோடு வாசலைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள், அவரே சோதித்து வாங்கிய, எந்தக் காந்தத்துக்கும் அசையாத டம்ளர்கள், கிணுகிணுவென்று அவர் பக்கமாக விளிம்புக்கு நகர்ந்து வந்து நின்றன. அவர் பின்வாங்கினார். திரும்பிக் கூடத்தைப் பார்த்தார்.

ஹேமாவதியின் உடம்பு வாசல் பக்கம்தான் இருந்தது. முகம் மட்டும் சமையலறையைப் பார்த்திருந்தது. தோளுக்கு மேலாக. கண் மூடியபடி.

"ஹேமா."

குறட்டை.

மெல்ல நடந்து வாசல் பக்கம் வந்தார். முகம் கூடவே வந்தது. கூரையைப் பார்த்து, பிறகு இறங்கி, பழைய இடத்துக்கு. கழுத்து தளர்ந்தது. மூச்சு சீரானது. தோளைப் பிடித்து உலுக்கினார், விழிக்கவில்லை. அங்கேயே நின்றார். நின்றால் அவளுக்கு ஒன்றும் இல்லை. அது புரிந்துவிட்டது.

ஒரு மணி நேரம் நின்றார். இரண்டு மணி நேரம். கால் மரத்தது. தெருவிளக்கு எரிந்தது.

ஆட்டோ வந்து நின்றது. மனோகரன் பொன்னாடையோடு இறங்கினார். பார்வதமும் இறங்கினாள். இருவரும் தங்கள் கேட்டை நோக்கி நடந்தார்கள். உடம்புகள் நடந்தன. முகங்கள் இங்கே திரும்பியிருந்தன.

"மோட்டார் போட்டியா அண்ணாத்தே?"

சாதாரணக் குரல். மனோகரன் தன் கேட்டில் முட்டிக்கொண்டார். முட்டியது அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. பிறகு உடம்பும் திரும்பியது. முகம் போன வழியே வந்தது.

ஆட்டோக்காரரும் இறங்கினார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த கதவு. இஸ்திரி வண்டிக்காரர், கையில் கரிப்பெட்டியோடு. ஸ்டேஷனிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள், பையோடு, குடையோடு. தெரு முழுக்கச் செருப்பு தேயும் சத்தம் மட்டும்.

கிரில் கம்பிகளுக்கு நடுவே முகங்கள் வந்து பதிந்தன. ஒன்றின் மேல் ஒன்று. எல்லாக் கண்ணும் அவர் மேல். கம்பி உள்பக்கமாக வளைந்தது. மனோகரனின் கன்னம் கம்பியில் நசுங்கியது. அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

"கிட்ட வா அண்ணாத்தே. நீ வரலன்னா நாங்க வர்றோம்."

கீல் பெயர்ந்தது. சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

வீரராகவன் ஓர் அடி பின்னால் வைத்தார். பாயின் ஓரம் காலில் பட்டது. இன்னோர் அடி. அவளைத் தாண்டி. பாயில் கூந்தல் உரசும் சத்தம், இந்தத் தடவை வேகமாக. இன்னோர் அடி.

டக்.

குறட்டை நின்றது.

அவர் கீழே பார்க்கவில்லை. கம்பிகளுக்கு நடுவே இருந்த அத்தனை முகமும் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பாயைப் பார்க்க ஒருவர்கூடக் கண்ணைத் திருப்பவில்லை.