கதவுக்கு அந்தப் பக்கம் பட்டாணி

“பட்டாணி! என்னடா பண்ணி வச்சிருக்க!”

சிட்டு போட்ட சத்தத்தில், ஜன்னலில் உட்கார்ந்திருந்த காகமே பறந்து போய்விட்டது.

மேசைமேல் அவள் வரைந்த மீன்கொத்தி இருந்தது. நீலச் சிறகு, நீளமான அலகு, அலகில் துள்ளும் ஒரு குட்டி மீன். நாளைக்கு வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டிய படம். இப்போது அந்த மீன்கொத்தியின் வயிறு முழுக்க யாரோ சிவப்புக் கலரை அழுத்தி அழுத்தித் தீட்டியிருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ! பக்கத்திலேயே, கையில் சிவப்புக் கலரோடு அவள் தம்பி நின்றான். நாலு வயது. உருண்டையாக இருப்பதால் எல்லாருக்கும் அவன் பட்டாணி.

“அக்கா, அது வந்து...”

“பேசாத! எல்லாம் போச்சு உன்னால! இரு, அம்மா வரட்டும். இன்னைக்கு இருக்கு உனக்கு!”

பட்டாணியின் உதடு பிதுங்கியது. கலரைக் கீழே போட்டுவிட்டு ஒரே ஓட்டம். குளியலறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே ‘டக்’கென்று தாழ்ப்பாள் விழுந்தது.

“அங்கேயே கிட!” என்று சிட்டு கத்தினாள்.

அழிப்பானை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். சிவப்பு போகவில்லை. இன்னும் கொஞ்சம் பரவி, மீனுக்கும் ஒட்டிக்கொண்டது. அழுகை அழுகையாக வந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து சின்னக் குரல் கேட்டது.

“அக்கா... கதவு வரல.”

“தாழ்ப்பாளைத் தள்ளுடா.”

“தள்ளினேன். வரல.” அடுத்த நொடியே வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

அம்மா மருந்துக்கடையில் வேலையில் இருந்தாள். சிட்டு மாடிப்படியில் தாவி ஏறி, மேல்வீட்டு அத்தையை அழைத்து வந்தாள். அத்தை வீட்டில் அலமாரி செய்துகொண்டிருந்த தச்சர், கையில் சுத்தியலோடு அப்படியே இறங்கி வந்தார். சத்தம் கேட்டுக் காவலாளி தாத்தாவும் வந்து சேர்ந்தார்.

அத்தை அம்மாவுக்கு ஃபோன் செய்தார். “ஒண்ணும் இல்ல, பதறாம வா” என்று அவர் சொன்ன குரலே பதற்றமாக இருந்தது.

“தம்பி! தாழ்ப்பாளை இடது பக்கம் தள்ளு!” என்றார் காவலாளி.

“உள்ளேயிருந்து பார்த்தா வலது பக்கம் வரும் ஐயா” என்றார் தச்சர்.

“எனக்கு ரெண்டுமே தெரியாது!” என்று உள்ளேயிருந்து அழுகை வந்தது.

அத்தை கதவில் வாயை வைத்துக் குழைந்தார். “கண்ணு! அம்மா வந்துட்டாங்க பாரு! சாக்லேட் வாங்கிட்டு வந்திருக்காங்க!”

அழுகை சட்டென்று நின்றது. “அம்மா பேசட்டும்.”

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு, கீச்சுக் குரலில், “பட்டாணிச் செல்லம்...” என்றார்.

“அய்யோ, அது அத்தை!”

அழுகை முன்னைவிட இரண்டு மடங்கானது.

“சரி, இது சரிப்படாது. பழைய கதவுதான். தோளால ஒரு இடி இடிச்சா உள்ள போயிடும்” என்று தச்சர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போனார்.

சிட்டு தரையோடு தரையாகப் படுத்தாள். கதவுக்கு அடியில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. அதன் வழியே பார்த்தவள் அலறினாள்.

“இடிக்காதீங்க மாமா! அவன் கதவோட ஒட்டிக்கிட்டு நிக்கிறான்! கால் தெரியுது!”

தச்சர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் வெளுத்துப் போனது. “நல்லவேளை, சொன்னியேம்மா” என்று சுவரில் சாய்ந்துகொண்டார்.

“பட்டாணி, கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுடா.”

“மாட்டேன். அங்க பல்லி இருக்கு.”

சிட்டு எழுந்து உட்கார்ந்தாள். அந்தத் தாழ்ப்பாளை அவள் தினமும்தான் திறக்கிறாள். ஆனால் எப்படித் திறக்கிறோம் என்று ஒரு நாளும் யோசித்ததே இல்லை. கை தானாகப் போகும், திறக்கும், அவ்வளவுதான். நாலு வயதுக்காரனுக்கு அதை எப்படிச் சொல்வது?

“அத்தை, உங்க பாத்ரூமும் எங்க பாத்ரூம் மாதிரியேதானே?”

“ஆமா, எல்லா வீட்டுக்கும் ஒரே அச்சு. ஏன்டி?”

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. மாடிக்கு ஓடி, அத்தை வீட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பட்டாணியின் உயரத்துக்கு மண்டி போட்டு உட்கார்ந்தாள். தாழ்ப்பாள் இப்போது மூக்குக்கு நேராக இருந்தது. அதன் கைப்பிடி கீழ்ப்பக்கமாக மடங்கி ஒரு பள்ளத்தில் மாட்டியிருந்தது. இழுத்தாள், வரவில்லை. முதலில் மேலே தூக்க வேண்டும். அப்புறம் குழாய் இருக்கும் பக்கமாக இழுக்க வேண்டும். பட்டாணி தூக்காமலே இழுக்கிறான்!

மூச்சிரைக்கக் கீழே வந்து, மறுபடி கதவடியில் படுத்தாள்.

“பட்டாணி, திறக்குற வழி எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்லித் தரட்டா?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

“வேணாம். நான் வெளிய வர மாட்டேன்.”

“ஏன்டா?”

“நீ அம்மாகிட்ட சொல்லுவ. அம்மா திட்டுவாங்க. நீ அடிப்ப.”

அத்தை குனிந்து அவள் காதில் கிசுகிசுத்தார். “சொல்ல மாட்டேன்னு சும்மா சொல்லிடுடி. வெளிய வந்த பிறகு பார்த்துக்கலாம்.”

அப்படிச் சொல்வது சுலபம்தான். சிட்டு வாயைத் திறந்தும் விட்டாள். ஆனால் அம்மா வந்துவிட்டாள் என்றதும் அவன் அழுகை நின்றதும், பிறகு பொய் என்று தெரிந்து அவன் கதறியதும் இன்னும் காதில் இருந்தன. இனி ஒரு பொய் சொன்னால் அவன் யார் பேச்சையும் கேட்க மாட்டான்.

“அம்மாகிட்ட சொல்லுவேன்டா” என்றாள். “நீ படத்துல கிறுக்கினதையும் சொல்லுவேன். நான் உன்னைப் பயமுறுத்திக் கத்தினதையும் சொல்லுவேன். ரெண்டையும் சொல்லுவேன். ஆனா அடிக்க மாட்டேன். எனக்கு இப்போ கோவமே இல்ல. பயமாத்தான் இருக்கு.”

கதவுக்கு அடியில் இரண்டு குட்டி விரல்கள் எட்டிப் பார்த்தன. பிறகு, “உனக்கும் பயமா?”

“ரொம்ப. ஆமா, என் மீன்கொத்திக்கு ஏன்டா சிவப்பு அடிச்ச?”

“அது தண்ணிக்குள்ள முங்கி மீன் புடிச்சுதுல்ல? குளிருமே. அதான் ஸ்வெட்டர் போட்டேன்.”

காவலாளி தாத்தா சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிட்டுவுக்குக் கண்ணில் தண்ணீரும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

“சரி, கையைச் சட்டையில துடைச்சுக்கோ. ஈரம் போச்சா? தாழ்ப்பாள்ல ஒரு வால் தொங்குது பாரு. அந்த வாலை மேல தூக்கு.”

“தூக்கிட்டேன்.”

“விடாத. அப்படியே பிடிச்சுக்கிட்டு, குழாய் இருக்குற பக்கம் இழு.”

“கெட்டியா இருக்குக்கா.”

“மாமா, கதவைக் கொஞ்சம் உங்க பக்கம் இழுத்துப் பிடிங்க” என்றாள் சிட்டு. தச்சர் கைப்பிடியைப் பற்றி மெல்ல இழுத்தார்.

“இப்போ இழுடா!”

டக்.

யாரும் கதவைத் தள்ளவில்லை. அது தானாகவே உள்பக்கம் கொஞ்சம் திறந்தது. இடுக்கில் ஒரு மூக்கு தெரிந்தது, பிறகு சிவந்த இரண்டு கண்கள். சிட்டு தம்பியை அள்ளி எடுத்தாள். அவன் சட்டையெல்லாம் ஈரம், முகமெல்லாம் சளி. அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை.

அத்தை அங்கேயே தரையில் உட்கார்ந்து, “அப்பாடா!” என்றார். போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது எல்லாருக்கும்.

அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தபோது, அக்காவும் தம்பியும் ஒரே துண்டுக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிட்டு சொன்னபடியே எல்லாவற்றையும் சொன்னாள், தான் கத்தியதையும் விடாமல். அம்மா இரண்டு பேரையும் சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அவள் நெஞ்சு படபடவென்று அடிப்பது இருவருக்கும் கேட்டது.

“வேற படம் வரைஞ்சுக்கிறேன்மா. நாளைக்குத்தானே ஒட்டணும், நேரம் இருக்கு” என்றாள் சிட்டு.

அதற்குள் தச்சர் திருப்புளியோடு வந்து, அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிக் கதவின் உச்சியில் பொருத்த ஆரம்பித்தார். பட்டாணி அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, அவ்வளவு உசரத்துல வச்சா நான் எப்படிப் பூட்டுறது?”

“நீ பூட்டவே வேணாம்!” என்றார்கள் ஐந்து பேரும் ஒரே குரலில்.