இறக்கி வைக்க ஓர் இடம்

ரயிலடியிலிருந்து கடலோரச் சாலைக்குத் திரும்பும் இடத்தில் ரிக்‌ஷாக்காரன் இரண்டாவது முறையாக வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மேடு எதுவும் இல்லை. வண்டியில் இருந்தது ஜெயபாலனும் ஒரு தகரப் பெட்டியும்தான். ஆனாலும் அந்தச் சீனனின் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன, முதுகு நனைந்திருந்தது, மூச்சு சீழ்க்கை போல் வந்துகொண்டிருந்தது. அவன் இரண்டு விரல்களைக் காட்டினான்.

"துவா ஓராங்," என்றான். இரண்டு பேர்.

"ஒருத்தன்தான். போ."

ஜெயபாலன் தன் இடப்பக்கம் பார்க்கவில்லை. அங்கே மெத்தை குழிந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வருடத்துக்கு மேலாக அவன் உட்காரும் இடங்களிலெல்லாம் பக்கத்தில் அப்படி ஒரு குழி விழுந்துகொண்டுதான் இருந்தது.

அவன் மனைவி புஷ்பவள்ளி, தோட்டத்தை அடுத்த தங்காக் கடைத்தெருவைத் தாண்டி எந்த ஊரையும் பார்த்ததில்லை. ஆனால் ஜொகூர் பாருவைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வீட்டுக்கு எதிரே கடல் இருக்கும், அலைச் சத்தத்தில்தான் தூக்கம் வரும். அடுப்படிக்குள்ளேயே குழாய் இருக்கும். சுவரில் விரலை வைத்தால் விளக்கு எரியும். தெருவில் அத்தனை ஜனம் நடக்கும், அதனால் ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. தோட்டத்தில், ரப்பர்ப் பால் புளித்த வாசனை நடுவே உட்கார்ந்து அவள் இதைச் சொல்லும்போது அவன் ஆமாம் ஆமாம் என்றிருக்கிறான். அவனும் அந்த நகரத்தைப் பார்த்ததில்லை.

இப்போது பார்த்தான். கடலில் அலையே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் சிங்கப்பூருக்குப் போட்ட கற்பாலம் நீரைத் தடுத்து நிறுத்தியிருக்க, வற்றிய கரையில் கரிய சேறு மைல்கணக்கில் கிடந்து, அழுகிய சிப்பி நாற்றத்தை ஊருக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. தெருமுனைக் குழாயடியில் தகரங்கள் வரிசையாக நின்றன. கடைகளின் மாடிகள் பலகைத் தடுப்புகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு பொந்திலிருந்தும் இருமல், சண்டை, கருவாட்டுப் புகை. ஜனம் இருந்தது. ஆனால் ஜனம் பார்த்தது. முடிவெட்டும் கடைக்காரன், பீடா மடிப்பவன், கூடை சுமந்த மலாய்க்காரி. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவனை இல்லை. அவனுக்குச் சற்று இடப்புறமாக.

'பார்த்தாயா, இதுதான் உன் ஊர்,' என்று மனசுக்குள் சொன்னான். ஈர மண்ணும் மஞ்சளும் கலந்த வாசனை மட்டும் ஒரு முறை வீசியது. அவளைப் புதைத்த அன்று வந்த அதே வாசனை.

அவன் ரப்பர்த் தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுபவன். திருச்சியில் கல்லூரிப் படிப்பு முடித்தவன். அவளுக்கு எட்டாம் மாதத்தில் வலி கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கவனித்த டிரசர் செல்லப்பன் தொட்டுப் பார்த்துவிட்டு, பொய் வலி என்று சொல்லி, தங்காக்கில் பந்தாட்டம் பார்க்கத் தோட்டத்தின் ஒரே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள், பிள்ளை வயிற்றிலேயே இருக்க.

பிள்ளையோடு செத்தவளுக்குச் சுமைதாங்கி நட வேண்டும் என்றார்கள் கூலிகள் குடியிருந்த லயத்துப் பெண்கள். வழியோரம் இரண்டு கல், அவற்றின் மேல் குறுக்கே ஒரு கல். நடந்து போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறினால், அவளும் தன் சுமையை இறக்கி வைத்ததாக ஆகும். மூட நம்பிக்கை என்று அவன் மறுத்துவிட்டான். அவளைப் புதைத்த எட்டாம் நாள் அவனுக்குப் பின்னால் காலடி கேட்டது. இரண்டு எட்டு, ஒரு நிறுத்தம். இரண்டு எட்டு, ஒரு நிறுத்தம். இடுப்பில் கை ஊன்றி நடப்பவளின் நடை.

அதற்குப் பிறகுதான் மருத்துவச்சி இருளாயியிடம் போனான்.

"இப்பவாச்சும் கல்ல நடுங்கய்யா," என்றாள் அவள். "இல்லேன்னா எந்த வீட்டு வாசல்ல எறக்கி வைக்கிறாளோ, அந்த வீடு வெளங்காது. யாராச்சும் வாய் நெறைய வாங்கன்னு கூப்புட்டாப் போதும், நொழைஞ்சிருவா. ஒண்ணு சொல்றேன். ரெண்டு கையும் சுமைல இருக்குற வரைக்கும் அவளால யாரையும் ஒண்ணும் செய்ய முடியாது. அந்தக் கை காலியாவக் கூடாது."

அவன் கல் நடவில்லை. இந்த முறை நம்பிக்கையில்லாமல் இல்லை. செல்லப்பன் அப்போதே வேலையை விட்டு ஜொகூர் பாருவில் மருந்துக் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். அவனுக்குக் கடிதம் எழுதினான். உங்கள் மாடியில் அறை காலி என்று அறிந்தேன், எனக்கும் அங்கேயே உத்தியோகம் ஆகியிருக்கிறது என்று. வரலாம் என்று பதில் வந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இனி அவள் பாடு, அந்த வீட்டின் பாடு.

மருந்துக் கடை வரிசையின் கடைசியில் இருந்தது. விளக்கு வைக்கும் நேரம். தூறல் ஆரம்பித்திருந்தது. ரிக்‌ஷாக்காரன் பெட்டியை நடைபாதையில் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினான். கதவைத் திறந்தது செல்லப்பன் இல்லை. இருபது வயதிருக்கும் ஒரு பெண். இடுப்பில் ஒரு கை. முந்தானை மூடியும் தெரிந்த வயிறு.

"கிராணி அண்ணனா? வாங்க வாங்க. நான் ராஜம்மா. அவரு உள்ளதான் மருந்து இடிக்கிறாரு. ஒங்களப் பாத்தா ஒரு மூட்டை அரிசி தின்பீங்கன்னாரு, நீங்க என்ன குச்சி மாதிரி இருக்கீங்க?" அவள் சிரித்தாள். "எனக்கு இது எட்டு. படியேற முடியல, அதான் மாடிய ஒங்களுக்கு விட்டாச்சு."

செல்லப்பனுக்குக் கல்யாணம் ஆனதே தெரியாது. பழி தீர்க்க வந்த வழியெல்லாம் அந்த வாசலில் ஒரே ஒரு ஆளைத்தான் நிறுத்தி வைத்துப் பார்த்திருந்தான்.

ராஜம்மா அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏண்ணே, அக்கா ஏன் மழையில நிக்கிறாங்க? ஐயோ, அவங்களுக்கும் மாசமா? கூட்டியாங்க உள்ள."

தூறல் சத்தம். இரண்டு எட்டு. நிறுத்தம்.

"யாரும் இல்ல," என்றான். "நீ உள்ள போம்மா. கதவைச் சாத்து."

"என்னண்ணே இது, வாசல்ல நிக்க வச்சுட்டு? அக்கா, வாங்கக்கா—"

அவன் அவள் வாயைப் பொத்தினான், ஆனால் அழைப்பு வந்துவிட்டது. அவள் திமிறினாள். உலக்கைச் சத்தம் நின்றது. செல்லப்பன் ஓடி வந்தான். பருத்த உடம்பு, கையெல்லாம் சுக்குப் பொடி.

"டேய்! என்ன பண்ற நீ?"

"உங்க மனைவியை வெளிய அனுப்புங்க. சீக்கிரம்."

"எம்பொண்டாட்டிய எதுக்குடா... ஓ. பழி வாங்க வந்தியா?" செல்லப்பன் மூச்சு வாங்கினான். "நான் பொய் வலின்னது தப்புதான். ராத்திரில எந்திரிச்சு ஒக்காந்துக்கறேன். ஆனா நீ? இருளாயி வாசல்ல வந்து நின்னாளே. உள்ள விட்டியா? பழைய பஞ்சாங்கம், போன்னு தொரத்தினது யாரு? அடுத்த மாசம் ஜொகூர் பாரு, அங்க வெள்ளக்கார டாக்டரு, கரண்டு வெளக்குன்னு அந்தப் பொண்ணு கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தது யாரு? பல்லக் கடிச்சிக்கோ, பொறுத்துக்கோன்னியே. சொல்லு!"

ஜெயபாலனுக்குத் தெரியும். அது எல்லாம் உண்மை. அவள் கடைசியில் கேட்டது தண்ணீர் இல்லை. 'அங்க வெளிச்சமா இருக்குமில்ல?' என்றுதான் கேட்டாள்.

தெருவில் மின்விளக்குகள் எரிந்தன. எல்லாம் ஒரே நேரத்தில்.

அந்த வெளிச்சத்தில் நடைபாதைச் சிமெண்டில் தடங்கள் தெரிந்தன. நகரத்துச் சேறு கறுப்பு. இது சிவப்பு. தோட்டத்து மண். ஒவ்வொரு பாதமாகப் பதிந்து வந்தது. இரண்டு எட்டு. நிறுத்தம். நேராக வாசலை நோக்கி. ராஜம்மா நின்ற இடத்தை நோக்கி.

அவன் ராஜம்மாவை இழுத்து நடைபாதையில் ஓரமாகத் தள்ளி, வாசலை மறித்து நின்றான். முதுகை வளைத்துக் குனிந்தான்.

"புஷ்பா, அந்தப் பொண்ணு வேணாம்," என்றான். "என் மேல வை. இங்க வை. நான் தூக்கிக்கறேன்."

காலடி நின்றது.

மூச்சு ஒன்று அவன் காதருகே வந்தது. நீண்ட மூச்சு. வெகுதூரம் சுமந்து வந்தவள் விடும் மூச்சு.

பிறகு கனம். இடத் தோளில். ஈரமாக. குளிராக. முழங்கால் மடிந்தது. கதவுச் சட்டத்தைப் பற்றிக்கொண்டான். எலும்பு நெரிந்தது. கனம் அசைந்தது. உதைத்தது.

அப்போதுதான் இருளாயி சொன்னது நினைவுக்கு வந்தது. கை காலியாவக் கூடாது.

அவனைக் கடந்து யாரோ வீட்டுக்குள் போனார்கள். இப்போது நிறுத்தம் இல்லை. லேசான நடை. வேகமான நடை. புதிய ஊரில் புதிய வீட்டைப் பார்க்கப் போகிறவளின் நடை.

"யாரது?" என்றான் செல்லப்பன்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது.

"யாரும்மா நீ? இரு. இரும்மா. நான் வேணும்னு—"

மருந்துப் புட்டிகள் சரிந்தன. ஒரு வரிசை. இன்னொரு வரிசை. பிறகு உலக்கை இடிக்கும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. நிதானமாக. உரலில் அல்ல. மெத்தென்ற எதன் மேலோ.

ஜெயபாலன் சிரித்தான். தான் சிரிப்பது அவனுக்குக் கேட்டது. நிறுத்த முடியவில்லை.

ராஜம்மா தரையிலிருந்து எழுந்து கதவைத் தட்டினாள். புருஷன் பெயர் சொல்லக்கூடாது என்பதையும் மறந்து பெயர் சொல்லிக் கத்தினாள். பிறகு உதவிக்கு அவன் பக்கம் திரும்பினாள். திரும்பியவள் நின்றாள். தெருவிளக்கின் வெளிச்சம் அவன் மேல் முழுதாக விழுந்துகொண்டிருந்தது. அவள் கண்கள் அவன் முகத்தில் இல்லை.

"அண்ணே," என்றாள், மெல்ல. "தோள்ல யாரு புள்ள அது?"

அவன் கழுத்தைச் சுற்றி மிகச் சிறிய விரல்கள் மூடின.

"ஏன் இன்னும் கண்ணத் தெறக்கல?"