அப்பா போட்ட இரண்டு

அக்கா சிரித்தால் கெட்டில் கொதிப்பது போல இருக்கும். முதலில் உஸ்ஸென்று கிளம்பும். அப்புறம் மூடி பறக்கும்.

கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் வீட்டில் கேட்கவே இல்லை.

"என்னாச்சு அக்கா?" என்று கேட்டாள் குருவி. அவள் வீட்டின் கடைக்குட்டி. ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் அந்தப் பெயர்.

"முதல் வகுப்புல முடிவிலிக் குறியை வரைஞ்சேன். 'பாவம், எட்டுக்குத் தூக்கம் வந்து படுத்துடுச்சு'ன்னு சொன்னேன்."

"யாரும் சிரிக்கலையா?"

"சிரிக்கறதா? எல்லாரும் குனிஞ்சு எழுதிக்கிட்டாங்க. ஒருத்தி எழுந்து, 'இது பரீட்சைக்கு வருமா மிஸ்'னு கேட்டா. இனிமே நான் ஜோக்கே சொல்லப் போறதில்லை."

குருவிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

ஜோக் சொல்லாத அக்காவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுநாள் அவளுக்கு இருபத்து நாலு வயது ஆகிறது. அவள் பாஷையிலேயே ஒரு ஜோக் சொன்னால் என்ன?

ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டால், அந்த எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி, ஒன்று வரை பெருக்க வேண்டும். அக்கா சொல்லித் தந்ததுதான். நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. பெருக்கினால் இருபத்து நாலு.

குருவி கேக் கடைக்கு ஓடினாள்.

"பேர் எழுத வேணாமா பாப்பா?" என்றார் கடைக்காரர்.

"வேணாம் மாமா. நாலு, பக்கத்துல ஆச்சரியக்குறி. அவ்வளவுதான்."

"புரிஞ்சுது, புரிஞ்சுது!"

அவருக்குப் புரிந்தது வேறு. மறுநாள் பெட்டியைத் திறந்தபோது கேக்கின் மேல் 4! இருந்தது. கூடவே தொப்பி போட்ட மஞ்சள் சர்க்கரை வாத்து ஒன்றும், குட்டியாக நாலு மெழுகுவத்திகளும்.

"அடடா, கடைக்காரர் ரெண்டை முழுங்கிட்டாரே!" என்றார் அப்பா.

குருவி வாயைத் திறப்பதற்குள், கரண்டியால் ஜாமைத் தொட்டு நாலுக்கு முன்னால் பெரிதாக ஒரு இரண்டு போட்டுவிட்டார்.

"ஐயோ, அப்பா!"

அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தாள். கேக்கைப் பார்த்தாள். உஸ்ஸ்... மூடி பறந்தது.

"அப்பா, என் வயசு என்னன்னு தெரியுமா? இருபத்து நாலுல ஆரம்பிச்சு ஒண்ணு வரைக்கும் பெருக்கணும். இருபத்து நாலு இலக்கத்துல ஒரு எண் வரும். சூரியனுக்கே நான் கொள்ளுப்பாட்டி!"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வாத்தைப் பார்த்தாள்.

அக்காவின் சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. "விடுங்க. விளக்கம் சொன்னா ஜோக் செத்துடும்."

குருவியால் விட முடியவில்லை. அலமாரியில் போனைச் சாய்த்து வைத்தாள்.

"போட்டோ! எல்லாரும் வரிசையா சோபாவுல உட்காருங்க!"

ஒரு படம் எடுத்தாயிற்று.

"இப்ப அம்மா இங்க, அக்கா அங்க!"

இன்னொன்று. அப்பா ஓரத்துக்கு. அப்பா நடுவுக்கு. ஆறாவது படத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஏய் குருவி, இன்னும் எத்தனை?"

"பதினெட்டு!"

"என்னது?"

"முதல் இடத்துல நாலு பேர்ல யார் வேணா உட்காரலாம். அடுத்த இடத்துக்கு மிச்சம் மூணு பேர். அப்புறம் ரெண்டு. கடைசி இடத்துக்கு ஒருத்தர்தான். பெருக்கிப் பாருங்க. நாம நாலு பேர் இருபத்து நாலு விதமா உட்காரலாம்பா. அதைத்தான் கேக்ல எழுதச் சொன்னேன்!"

அம்மா கேக்கை உற்றுப் பார்த்தாள். "இரு, இரு. நாலு பேருக்கே இந்தப் பாடு. இவர் எழுதின மாதிரி இருபத்து நாலு பேர் உட்கார்ந்தா?"

"சூரியன் அணைஞ்சு போனாலும் போட்டோ முடியாதும்மா," என்றாள் அக்கா.

அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க, நமக்குப் பொறந்தது சூரியனோட கொள்ளுப்பாட்டியா?"

கடைசியாகப் புரிந்தது அப்பாவுக்கு. அதிக நேரம் சிரித்ததும் அவர்தான்.

"நாளைக்கு வகுப்புல நாலு பேரை எழுப்பி வரிசையா நிக்க வைக்கப் போறேன்," என்றாள் அக்கா.

"ஜோக்கும் சொல்லுவியா?"

"பின்னே? என் வயசைச் சொல்ல வேணாமா?"

வாத்தைக் குருவி எடுத்துக்கொண்டாள். அப்பா, தான் போட்ட இரண்டைத் தானே விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அக்காவின் வயது சரியாகிவிட்டது.