முற்றவிட்ட காய்

விளக்குகள் விடியலின் நிறத்துக்கு மாறும் முன்பே பஞ்சவர்ணம் எழுந்து ஆண்பூ தேடினாள். ஜப்பான் வெள்ளரிக் கொடி கம்பிவலை நெடுக ஏறிச் சுவரை மறைத்திருந்தது. அடியில் பிஞ்சு இல்லாத பூவெல்லாம் ஆண்பூ. இரண்டைக் கிள்ளிச் சுவரிலிருந்த காவற்கண்ணிடம் காட்டினாள்.

"பதிவாகிவிட்டது" என்றது அது.

மேலே வெயில் ஆளைப் பொசுக்கத் தொடங்கிய பின், பழைய நிலக்கரிச் சுரங்கத்துக்குள் படிகளாக வெட்டிய ஊர் அது; பஞ்சவர்ணம் வீடு கீழ்ப்படியில். தேனீ கிடையாது. இந்த வெள்ளரிக்கு அந்தக் கவலையும் கிடையாது. மகரந்தம் படாமலே காய்த்துத் தள்ளும். ஆனால் காய்க்குள் விதை இருக்காது. பருவத்துக்குப் பருவம் விதையகம் விதை கொடுத்தால்தான் அடுத்த கொடி உண்டு. ஆண்பூவை ஏன் கிள்ளச் சொல்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அன்று கண் இன்னொன்றும் சொன்னது: "அடுத்த பருவம் முதல் கீழ்ப்படி வீடுகளுக்கு விதை இல்லை. சத்துக்கூழ் வழங்கப்படும்."

மறுநாள் கிள்ளிய ஆண்பூவைப் பஞ்சவர்ணம் உள்ளங்கையில் மறைத்து, ஒரு பெண்பூவின் நடுவில் மெல்லத் தேய்த்தாள். பல் துலக்கிக்கொண்டிருந்த குயிலி, அவள் கணவனின் தங்கை, பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, பூவுக்குக் கல்யாணமா? ஒரு வார்த்தை சொல்லலியே!"

"நாத்தனார் முடிச்சுக்கு நீதான் வேணும். இப்போ வந்து அந்தச் சுவர்க்கண்ணை மறைச்சு நில்லு."

அந்தப் பிஞ்சை அவள் பறிக்கவில்லை. அது பருத்து வெளுக்கத் தொடங்கியதும் கண் கண்டுபிடித்தது. "காய் முற்றுகிறது. பறிக்காவிட்டால் கொடிக்குத் தண்ணீர் நிறுத்தப்படும்."

"நிறுத்திக்கோ" என்றாள் பஞ்சவர்ணம்.

குடிக்கக் கிடைத்த தண்ணீரில் பாதியை அண்ணியும் நாத்தனாரும் கொடிக்கு ஊற்றினார்கள். எதிர்வீட்டு சந்தனமேரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "நாக்கு வறண்டு கிடந்து இந்தப் பூசணியையா வளர்க்கிறே?"

"பொறுங்கக்கா."

இலைகள் ஒவ்வொன்றாகக் கருகின. காய் மட்டும் மஞ்சளாகப் பழுத்தது. பிளந்து விதைகளைத் தண்ணீரில் போட்டார்கள். சொத்தையெல்லாம் மிதந்தன. குயிலி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்க, ஒரு சிறு பிடி மட்டும் அடியில் தங்கியது. கொடியில்லாத வீட்டுக்குக் கண் எதற்கென்று விதையகத்து ஆட்கள் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த பருவத்தில் கீழ்ப்படி முழுவதும் கூழ் குடித்தது. கண் இல்லாத பஞ்சவர்ணம் வீட்டில், மிச்சம்பிடித்த குடிதண்ணீரில் கொடிகள் ஏறின. விதையகத்து வெள்ளரி கலப்பினம்; அதன் பிள்ளைகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று கோணல், ஒன்று முள். முதல் காய்களை ருசி பார்க்க அக்கம்பக்கம் கூடியது.

"ஐயோ, வேப்பங்காய்டி இது!" சந்தனமேரி துப்பினாள்.

மூலைக் கொடியின் காயைக் கடித்தவள் மெல்வதை நிறுத்தினாள். "இது தித்திக்குதே!" அடுத்த காய்க்குக் கை நீட்டினாள். பஞ்சவர்ணம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதுல இனி ஒண்ணும் பறிக்கக் கூடாதுக்கா. எல்லாப் பூவுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன்; அத்தனையும் முத்தட்டும். எல்லார் வீட்டுக்கும் விதை வேணும்."

"அப்போ நாங்க எதைத் தின்னுறது?"

"கசக்கிறதை."

குயிலி சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து மூலைக் கொடியின் தண்டில் தளர்வாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள். சந்தனமேரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, துப்பிய அந்தக் கசப்புக் காயின் மீதியை எடுத்து, உப்பைத் தொட்டுக்கொண்டு, கண்ணை மூடி நறுக்கென்று கடித்தாள்.