நான்கு பேர் உப்புப் போட்ட சூப்

ஒரு வேலையை ஒருவர் செய்தால் போதும் என்பது எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. அதுதான் புத்தாண்டுக் காலையில் எங்கள் மானத்தை வாங்கப் பார்த்தது.

ஜனவரி முதல் நாள் எங்கள் ஹைட்டி நாட்டின் விடுதலை நாள். அன்று பூசணிக்காய் சூப் கொதிக்காத வீடே கிடையாது. எங்கள் சந்தில் ஆறு வீடுகளுக்கு நாங்கள் சூப் அனுப்புவோம். தூக்கிக்கொண்டு ஓடுவது யார்? நான்தான், மிஸ்லீன்!

அம்மா ஒரு சொட்டு எடுத்து நாக்கில் விட்டார். முகம் கோணிப் போனது.

"ஐயையோ, உப்பு கரிக்குதே! விடியக்காலையிலேயே நான் போட்டுட்டேனே. அப்புறம் யாரு போட்டது?"

"நான் ஒரு கை போட்டேன்," என்றார் அப்பா.

"நானும்தான் போட்டேன். சூப்புல கறி சப்புன்னு இருந்துச்சு," என்றார் சித்தி.

தம்பி வில்நேர் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். "நான் கொஞ்சூண்டுதான் போட்டேன்!"

"நாலு பேரா? ஒரு அண்டாவுக்கு நாலு பேரா!" நான் தலையில் அடித்துக்கொண்டேன். கேரட் நறுக்க மட்டும் ஒருத்தரும் வரவில்லை.

"தண்ணி ஊத்திடலாமா?" என்றார் அப்பா. அம்மா கரண்டியை ஓங்கியதும் நகர்ந்துவிட்டார்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"அடிமையா இருந்தப்ப நம்ம முன்னோருங்க முதலாளிக்கு இந்தச் சூப்பை வெச்சுக் கொடுத்துட்டு, வாசனை மட்டும்தான் பிடிச்சாங்க. ஒரு வாய் குடிக்க விடல. விடுதலை கெடச்சப்புறம்தான் வயிறாரக் குடிச்சாங்க. இன்னிக்குப் போய் நம்ம வீட்டுலேர்ந்து சூப் போகலேன்னா எப்படிடி?"

எனக்கு எதிர்வீட்டு மதாம் செலிமேன் நினைவு வந்தது. அவருக்கு ரத்தக்கொதிப்பு. உப்பே போடாமல் ஒரு பெரிய அண்டா நிறைய சூப் வைப்பார். சந்தில் எல்லோரும் ஒரு வாய் குடித்துவிட்டு, "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று நழுவுவார்கள்.

நான் எதிர்வீட்டைப் பார்த்து எழுந்தேன். "அங்க மட்டும் போகாதே!" என்றார் அம்மா.

நான் காதிலேயே வாங்காமல் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மதாம் செலிமேன் இடுப்பில் கை வைத்தார்.

"போன வருஷம் என் சூப்பைப் பாத்திரம் கழுவுன தண்ணின்னு சொன்னது யாரு?"

பொய் சொல்லி என்ன பயன்?

"அம்மாதான் சொன்னாங்க, மதாம். ஆனா இன்னிக்கு எங்க சூப்பு கடல் தண்ணி! உங்களோடதைக் கலந்தா ரெண்டும் நல்லாயிடும். உங்களுக்கு உப்பில்லாததை மொதல்ல தனியா எடுத்து வெச்சுக்கோங்க."

அவர் என்னை முறைத்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கடல் தண்ணியா! உங்கம்மா வெச்சதா! இரு, நானே வரேன்."

நான் ஓடிப்போய் அப்பாவை அழைத்து வந்தேன். அப்பாவும் மதாமும் ஆளுக்கொரு பக்கம் உப்பில்லாத சூப் அண்டாவைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"போன வருஷம் நான் சொன்னது தப்புதான் அக்கா."

"சரி சரி, கலக்கு. ஆறிடப் போகுது!"

கலந்தோம். பெரியவர்கள் ருசி பார்த்தார்கள். அடடா! நான் கிண்ணத்தை எடுப்பதற்குள் அம்மா ஆறு தூக்குகளையும் என் முன்னால் வரிசையாக வைத்துவிட்டார்.

வெயிலில் ஆறு வீட்டுக்கும் ஓடினேன். எல்லா வீட்டிலும் இன்னொரு கரண்டி கேட்டார்கள். கால் வலிக்கத் திரும்பி வந்தால், வாசலில் பெரிய வாக்குவாதம்.

"என் பூசணிக்காயாலதான் அந்த ருசி!" இது அம்மா.

"போடி! என் கறியாலதான்!" இது மதாம் செலிமேன்.

எனக்கு வந்ததே கோபம்! "விடுதலை நாளும் அதுவுமா எனக்கு மட்டும் வாசனைதானா? காலையிலேர்ந்து ஒரு வாய் கூடக் குடிக்கல!"

சண்டை சட்டென்று நின்றது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கரண்டியோடு என் கிண்ணத்துக்குப் பாய்ந்தார்கள்.