எதிர்பார்ப்பு இல்லாதவர்களுக்கு இலவசம்

காலையில் பால் பெட்டியில் அட்டையை நீட்டினால், பால் வருவதற்கு முன்னால் வரித்துணை என்ற வரிக்கணக்கு இயந்திரம் பேசும். பேராவூரணியில் பஸ், ரேஷன், மருந்துக்கடை எங்கே போனாலும் அதே தேன் குரல்தான். அன்றைக்கும் பேசியது.

"நிவேதா, ஆண்டு வரித் தாக்கலுக்கு இன்றே கடைசி நாள். நண்பகலுக்குள் முடிக்காவிட்டால் உங்கள் அட்டை உறங்கிவிடும்."

வெள்ளிக்கிழமை என் மகள் பவழத்துக்குக் கல்யாணம். மண்டபத்துக்கும் சமையலுக்கும் கொடுக்க வேண்டிய பணம் முழுக்க அந்த அட்டையில்தான் இருந்தது.

"அப்ப தாக்கல் பண்ணித் தொலையேன். வருஷா வருஷம் இலவசமாத்தானே பண்ற?"

"இந்த ஆண்டு உங்களுக்கு முதலீட்டு வருமானம் இருக்கிறது. முதலீடு உள்ளவர்களுக்கு இலவசச் சேவை கிடையாது. கட்டணச் சேவைக்கு மாறலாம்."

அது சொன்ன கட்டணத்தில் பாதிக் கல்யாணச் சாப்பாட்டை முடித்துவிடலாம்.

"முதலீடா? நான் தென்னந்தோப்பு ட்ரோனுக்கு மருந்து ரொப்புறவ. பங்குச் சந்தை எந்தத் திசையில இருக்குன்னே எனக்குத் தெரியாது!"

"போன மாதம் மொய் விருந்து வைத்தீர்கள். நீங்கள் பலருக்குச் செய்த மொய் கூடுதலாகத் திரும்பி வந்திருக்கிறது. திரும்பும் என்று எதிர்பார்த்துக் கொடுப்பது முதலீடு."

அடப்பாவி! ஒருவர் எனக்குச் செய்ததை நான் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்வேன். அந்தக் கூடுதலைத் திருப்ப அவர் மறுபடி என் வீட்டு வாசலுக்கு வருவார். கணக்கு தீரவே கூடாது, அதுதான் மொய். இதை ஒரு இயந்திரத்துக்கு யார் விளக்குவது?

"இலவசத்துக்கு வழியே இல்லையா?"

"இருக்கிறது. இனி யாரிடமும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று உறுதி கொடுங்கள். பச்சைப் பொத்தானை அழுத்துங்கள்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. "அக்கா, சீக்கிரம்!" என்று யாரோ கத்தினார்கள். எதையும் எதிர்பார்க்காமல் இருப்பது நல்ல குணம்தானே என்று என்னையே தேற்றிக்கொண்டு அழுத்திவிட்டேன். தாக்கல் முடிந்தது. பாலும் வந்தது.

வீட்டுக்கு வருவதற்குள் ஓவியா போனில் கூப்பிட்டாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே என் கூட்டாளி. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. பவழத்துக்குத் தாய்மாமன் சீர்த்தட்டைத் தூக்கி வரப்போகிறவளே அவள்தான்.

"நான் என்னடி பண்ணேன் உனக்கு?" என்றாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

"என்னடி ஆச்சு?"

"'நிவேதா உங்களிடம் இனி எதையும் எதிர்பார்க்கவில்லை. இருவர் கணக்கும் மூடப்பட்டது'ன்னு வரித்துணை அனுப்பியிருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படிச் சொல்லி அனுப்பும் என்று அந்தக் குரல் மூச்சுக்கூட விடவில்லையே! அட்டை, மண்டபம், கட்டணம் என்று உளறிக் கொட்டினேன். இலவசத்துக்காகத்தான் அழுத்தினேன் என்றேன்.

"நாலு வருஷத்துக்கு முன்ன என் மொய் விருந்து முடிஞ்சப்ப என்கிட்டயும் இதே பொத்தானைக் காட்டுச்சு. எனக்கு மனசு வரல. மத்தவங்க ஒவ்வொருத்தரா என் கணக்க மூடிட்டாங்க. நீ ஒருத்திதான் பாக்கி. உன் ஒரு கணக்குக்காக வருஷா வருஷம் காசு கட்டித் தாக்கல் பண்றேன்டி."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீயும் மூடிருவியோன்னு பயம்."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொண்ணும் வந்திருக்கு, கேளு" என்று படித்தாள். "'வாழ்த்துகள், ஓவியா! உங்களுக்கு இனி முதலீடு எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு முதல் இலவசத் தாக்கலுக்குத் தகுதி பெறுகிறீர்கள்.'"

"ஓவியா... வெள்ளிக்கிழமை வருவல்ல?"



"வராம என்ன? பத்திரிகை வச்சிருக்க. எல்லாரையும் மாதிரி வந்து சாப்பிட்டுட்டுப் போறேன்."

போனை வைத்துவிட்டாள். மண்டபத்துக்குப் பணம் கட்ட அட்டை உயிரோடு இருந்தது. என் மகளுக்குச் சீர்த்தட்டைத் தூக்கி வரத்தான் ஆள் இல்லை.